அழுகையிலிருந்து வெகுளிக்கு: எய்ட்ஸ் காலப் படங்களும் பார்ப்பவர் மனமும்

2011ஆம் ஆண்டு நியூயார்க் பிராட்வேயில் ‘தி நார்மல் ஹார்ட்’ நாடகம் மீண்டும் மேடை ஏறியது. காட்சி முடிந்து கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்தவர்களிடம் வாசலில் நின்ற ஒரு முதியவர் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தார். நாடகத்தை எழுதிய லாரி கிரேமர்தான் அவர். அப்போது வயது 75. கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட உடம்பு. மேடையில் நீங்கள் பார்த்தவர்கள் உண்மையில் வாழ்ந்தவர்கள், நோய் இன்னும் ஓயவில்லை, ஆட்சியாளர்கள் இன்னும் தங்கள் கடமையைச் செய்யவில்லை என்பது அறிக்கையின் சாரம். ஓர் அரங்கத்தையே அழ வைத்த எழுத்தாளருக்கு அந்த அழுகை போதவில்லை. அழுதவர்கள் அப்படியே வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்று வாசலில் காத்து நின்றார்.

எய்ட்ஸ் கொள்ளைநோயின் காலத்தைப் பற்றிய நாடகப் படங்கள் நாற்பது ஆண்டுகளாக மக்களை அழ வைத்து வருகின்றன. அந்த அழுகை எதனால் வருகிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு படம் நம்மை உலுக்கிவிட்டது என்று சொல்வதோடு விமர்சனம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் போக நமக்கு ஒரு பழைய கருவி இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், காண்பவர் உள்ளத்தில் எழும் உணர்வுகளை எட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்தெந்த நிலைக்களனில் பிறக்கும் என்றும் சொல்கிறது. பிணியை அது அழுகையில் வைக்கவில்லை. மூப்பு, வருத்தம், மென்மை ஆகியவற்றோடு சேர்த்து இளிவரலில் வைக்கிறது. அருவருத்து விலகும் மனநிலையில். அழுகைக்கு அது தரும் காரணங்கள் வேறு: இகழப்படுதல், உறவையும் உடைமையையும் இழத்தல், முன்னிருந்த நிலையிலிருந்து தாழ்தல், வறுமை. வெகுளிக்குத் தரும் காரணங்கள் உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அடித்தும் வைதும் அலைக்கழித்தல், கொலை.

மனிதர் நோயைக் கண்டு முதலில் விலகத்தான் செய்வார்கள் என்பதை அந்த நூல் எவ்வளவு நேராகப் பார்த்திருக்கிறது! எய்ட்ஸ் படங்கள் கடக்க வேண்டியிருந்த தூரத்தையும் இந்த வரிசை காட்டிவிடுகிறது. பார்ப்பவரை இளிவரலிலிருந்து அழுகைக்குக் கொண்டுவருவது முதல் வேலை. பெரும்பாலான படங்கள் அதைச் செய்தன. அழுகையிலிருந்து வெகுளிக்குக் கொண்டுபோவது அடுத்த வேலை. அதைச் செய்த படங்கள் சில. அந்தச் சிலவே உயர்ந்தவை என்பது என் முடிவு.

அந்த முதல் தூரம் எவ்வளவு பெரியது என்பதை இன்றைய பார்வையாளர் உணர்வது கடினம். 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார இதழ், லாஸ் ஏஞ்சலிஸில் 5 இளைஞர்களுக்கு வந்த அபூர்வ நுரையீரல் தொற்றைப் பற்றி எழுதியது. அடுத்த மாதமே நியூயார்க் டைம்ஸ், தன்பாலீர்ப்பு கொண்ட 41 ஆண்களுக்கு ஓர் அபூர்வப் புற்றுநோய் வந்திருப்பதாகச் செய்தி வெளியிட்டது. நோய்க்குக் காரணமான வைரஸ் 1983இல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரித்தெடுக்கப்படும் வரை அது எப்படிப் பரவுகிறது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. தெரிந்த பிறகும் பயம் போகவில்லை. உணவுத் தட்டை அறை வாசலிலேயே வைத்துவிட்டுப் போன மருத்துவமனை ஊழியர்கள் உண்டு, உடலை வாங்க மறுத்த சவ அடக்க நிலையங்கள் உண்டு. அதிபர் ரீகன் எய்ட்ஸைப் பற்றி முதல் முழு உரையை நிகழ்த்தியது 1987 மே மாதத்தில். அதற்குள் அமெரிக்காவில் 20,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். செத்தவர்கள் பெரும்பாலும் தன்பாலீர்ப்பு ஆண்களும் ஊசி வழிப் போதைக்கு ஆளானவர்களும் என்பதால், பொதுச் சமூகத்தின் கண்ணில் அது தானாகத் தேடிக்கொண்ட தண்டனையாகத் தெரிந்தது. நோயின் மேல் இருந்த அருவருப்பும் ஆளின் மேல் இருந்த அருவருப்பும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன.

இந்தச் சூழலில்தான் 1985 நவம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சி ‘ஆன் எர்லி ஃப்ராஸ்ட்’ படத்தை ஒளிபரப்பியது. சிகாகோவில் வழக்கறிஞராக இருக்கும் மகன் வீட்டுக்கு வந்து, தான் ஆண்களை விரும்புபவன் என்பதையும் தனக்கு எய்ட்ஸ் இருப்பதையும் ஒரே நேரத்தில் சொல்ல நேர்கிற கதை. விளம்பரதாரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள், ஆனாலும் 3 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். காதலர் இருவரும் படத்தில் முத்தமிட்டுக்கொள்ளவில்லை. வேறொரு முத்தம் இருக்கிறது. தந்தை முகம் கொடுக்காமல் இருக்கும்போது, கர்ப்பிணித் தங்கை அருகில் வர மறுக்கும்போது, வலிப்பு வந்தவனை ஏற்றிச் செல்ல ஆம்புலன்ஸ்காரர்களே பின்வாங்கும்போது, பாட்டி அவனைக் கிட்டே இழுத்து முத்தமிடுகிறாள். படத்தின் மருத்துவ விளக்கங்கள் எல்லாம் சேர்ந்து செய்யாத வேலையை அந்தக் கிழவியின் முத்தம் செய்தது என்று நினைக்கிறேன். தொட்டால் ஒட்டாது என்பதை அறிவுக்குச் சொல்வது ஒன்று, ஒரு வயதான உடம்பு தயக்கமில்லாமல் தொடுவதைக் கண்ணுக்குக் காட்டுவது இன்னொன்று.

இப்படி ஒருவர் மேல் ஏற்படும் இரக்கம் அவரோடு நின்றுவிடுமா, அவரைப் போன்ற எல்லோருக்கும் பரவுமா? டேனியல் பேட்சன் என்ற சமூக உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1997இல் இதைச் சோதித்து எழுதினார்கள். எய்ட்ஸ் நோயுள்ள ஓர் இளம்பெண்ணின் வானொலிப் பேட்டியைக் கேட்க வைத்தார்கள். ஒரு பகுதியினரிடம் விலகி நின்று கேளுங்கள் என்றார்கள். மற்றவர்களிடம் அவள் என்ன உணர்ந்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டே கேளுங்கள் என்றார்கள். இரண்டாம் பகுதியினருக்கு அந்தப் பெண்ணின் மேல் மட்டுமல்ல, எய்ட்ஸ் உள்ளவர்கள் எல்லோரின் மேலும் மனம் இளகியிருந்தது. ஒருவருக்காக அழுவது ஒரு கூட்டத்தையே பார்க்கும் பார்வையை மாற்றக்கூடும் என்பதற்கு அது சான்று. படங்கள் வீண் என்று சொல்பவர்களுக்கு இதையே பதிலாகத் தருவேன்.

ஆனால் இரக்கத்தை வாங்குவதற்குப் படம் என்ன விலை கொடுக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது. 1993 டிசம்பரில் வந்த ‘ஃபிலடெல்ஃபியா’ இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஜொனதன் டெமி இயக்கிய படம். டாம் ஹாங்ஸுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது. எய்ட்ஸ் வந்ததால் வேலையிலிருந்து நீக்கப்பட்ட வழக்கறிஞர் ஆண்ட்ரூ பெக்கெட், தன்பாலீர்ப்பாளர்களை வெறுக்கும் இன்னொரு வழக்கறிஞரிடம் வழக்கைக் கொண்டுபோகிறார். அந்த இரண்டாம் வழக்கறிஞராக டென்சல் வாஷிங்டன். பார்ப்பவர் உட்கார வேண்டிய நாற்காலி அவருடையது. பெக்கெட்டின் கையைக் குலுக்கிய பிறகு நோயைப் பற்றித் தெரிந்துகொண்டு பின்வாங்குவதும், உடனே தன் மருத்துவரிடம் ஓடுவதும் அவர்தான். நூலகத்தில், தனி அறைக்குப் போய்விட்டால் வசதியாக இருக்குமே என்று பெக்கெட்டிடம் இனிமையாகச் சொல்லப்படும்போது தூரத்திலிருந்து அதைப் பார்த்து முதன்முதலாக முகம் மாறுவதும் அவர்தான். அவர் கறுப்பர், அந்த இனிமையான சொல்லுக்குப் பின்னால் இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியும். நோய்க்காக இரங்காதவர் இகழ்ச்சிக்காக இரங்குகிறார். தொல்காப்பியர் அழுகையின் முதல் காரணமாக இளிவை, அதாவது இகழப்படுதலை, சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது. பிறகு வரும் காட்சியில், மரியா காலஸின் குரலில் ஓர் ஆபெரா பாடல் ஓடிக்கொண்டிருக்க, சொட்டு மருந்துத் தாங்கியைப் பிடித்தபடி பெக்கெட் அந்தப் பாடலுக்குப் பொருள் சொல்கிறார். திரையே சிவக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும் வாஷிங்டனின் முகத்தில் அருவருப்பு முற்றிலும் கரைந்துபோயிருக்கிறது. அரங்குகளில் கோடிக்கணக்கானவர்கள் அந்த முகத்தோடு சேர்ந்து மாறினார்கள்.

லாரி கிரேமருக்கு இந்தப் படத்தைப் பிடிக்கவில்லை. 1994 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸில் அதை வெறுப்பதாகவே எழுதினார். சட்டமும் மருத்துவமும் அரசியலும் பொய்யாகக் காட்டப்பட்டிருக்கின்றன என்பது அவர் வாதம். பெக்கெட்டும் அவருடைய துணைவரும் திரையில் ஒருவரையொருவர் தொடுவதே அரிது. பெக்கெட்டின் குடும்பம் ஒருவர்கூட முகம் சுளிக்காத குடும்பம். கெட்டவர்கள் ஒரே ஒரு சட்ட அலுவலகத்துக்குள் இருக்கிறார்கள். நீதிமன்றம் அவர்களைத் தண்டித்துவிடுகிறது. படம் முடியும்போது நம்மிடம் மிஞ்சுவது குழந்தைப் பருவ வீடியோவில் ஓடியாடும் சிறுவன் ஆண்ட்ரூவும் கண்ணீரும்தான். கோபப்பட யாரும் மிச்சமில்லை. கிரேமரின் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. அதே சமயம் அந்தப் படம் யாருக்காக எடுக்கப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது. இளிவரலில் நின்றவரை அழுகைவரை நடத்திக்கொண்டு வருவது அதன் வேலை; அதைச் செவ்வனே செய்தது. எய்ட்ஸ் நோயாளிகள் பலர் அந்தப் படத்தில் துணைப் பாத்திரங்களாக நடித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் படம் வந்த சிறிது காலத்திலேயே இறந்தார்கள். சட்ட அலுவலகப் பங்காளிகளில் மனச்சாட்சி உறுத்தும் ஒருவராக நடித்த ரான் வாட்டர் எச்.ஐ.வி. உள்ளவர், 1994 ஏப்ரலில் காலமானார். இதை அறிந்துகொண்டு மறுபடி பார்த்தால் படத்தின் மென்மையே வேறுவிதமாக வலிக்கிறது.

நோய்க்கு உள்ளேயிருந்து எடுத்தவர்களின் படங்களில் இந்த மென்மை இல்லை. அவர்களுக்கு யாரையும் மெல்ல மெல்ல மனம் மாற்றிக்கொண்டிருக்க நேரம் இல்லை. ‘படீஸ்’ எடுத்த ஆர்தர் பிரெசன் 1987இல் எய்ட்ஸால் இறந்தார். ‘பார்ட்டிங் கிளான்சஸ்’ எடுத்த பில் ஷெர்வுட் 1990இல் இறந்தார். ஃபிரான்சில் சிரில் கொலார் தன் வாழ்க்கையையே ‘லே நுயி ஃபோவ்’ என்ற படமாக எடுத்துத் தானே நடித்தார். 1993 மார்ச்சில் அது சிறந்த படத்துக்கான சேசர் விருதைப் பெறுவதற்கு 3 நாள் முன்பு அவர் போய்விட்டார். கண் பார்வை மங்கிக்கொண்டிருந்த டெரெக் ஜார்மன் ‘ப்ளூ’ படத்தில் 79 நிமிடமும் வெறும் நீலத் திரையை வைத்துக் குரல்களை மட்டும் ஓடவிட்டார். இவற்றைப் பார்த்து அழ வராது. மூச்சு முட்டும், சில இடங்களில் சிரிப்பும் வரும். சாகப்போகிறவர் தன்னைப் பார்த்து இரங்கச் சொல்லி யாரையும் அழைக்கவில்லை.

‘லாங்டைம் கம்பானியன்’ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அன்றைய அமெரிக்கச் செய்தித்தாள்களின் இரங்கல் குறிப்புகளில், இறந்தவரின் துணைவரை அப்படிச் சொல்லாமல் நீண்டகாலத் தோழர் என்று எழுதும் வழக்கம் இருந்தது. தலைப்பு அங்கிருந்து வந்தது. 1981 முதல் 1989 வரை ஆண்டுக்கு ஒரு நாள் என்று கதை நகர்கிறது. ஒவ்வொரு முறையும் நண்பர் கூட்டத்தில் ஆள் குறைகிறது. மரணப் படுக்கையில் கிடக்கும் துணைவனிடம், போதும், பிடித்துக்கொண்டிருக்காதே, விட்டுவிடு என்று புரூஸ் டேவிசன் திரும்பத் திரும்பச் சொல்லும் காட்சியில் உடைந்துபோகாதவர் குறைவு. கடைசியில் கடற்கரையில், இறந்தவர்கள் எல்லோரும் திரும்பி ஓடி வருவதுபோல் ஒரு கற்பனை. இதில் வருவது இழவின் அழுகை. ஒருவரை ஒருவர் தூக்கிச் சுமந்த ஒரு சமூகத்தின் துக்கத்தில் நம்மையும் ஓர் ஓரத்தில் உட்கார வைக்கிறது படம். வெகுளி அதில் இல்லை. அது அந்தப் படத்தின் குறை என்று சொல்ல எனக்கு மனமில்லை. துக்க வீட்டில் முதலில் அழத்தான் வேண்டும்.

வெகுளிக்கு வந்தால் ‘தி நார்மல் ஹார்ட்’தான். நாடகமாக முதலில் மேடையேறியது 1985 ஏப்ரலில், ஜோசப் பாப்பின் பப்ளிக் தியேட்டரில். வெள்ளையடித்த சுவர்களில் நோயுற்றோர் எண்ணிக்கையை எழுதி வைத்திருந்தார்கள்; அதிகாரபூர்வ எண் ஏற ஏறச் சுவரிலும் மாற்றினார்கள். கதாநாயகன் நெட் வீக்ஸாக நடித்த பிராட் டேவிஸ் பின்னால் அதே நோயின் பாதிப்பில் இறந்தார். பார்பரா ஸ்ட்ரைசண்ட் படமாக்கும் உரிமையை ஏறத்தாழ 10 ஆண்டுகள் வைத்திருந்தும் படம் நடக்கவில்லை. ரயன் மர்ஃபியின் இயக்கத்தில் எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் வந்தபோது 2014 மே. நாடகம் எழுதி 29 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஆண்டின் சிறந்த தொலைக்காட்சிப் படத்துக்கான எம்மி விருது அதற்குக் கிடைத்தது. நெட் வீக்ஸ் கிரேமரேதான். 1982இல் அவர் வீட்டில் கூடி நண்பர்கள் தொடங்கிய தன்பாலீர்ப்பு ஆண்களுக்கான சுகாதார அமைப்பு, அவருடைய கூச்சலைத் தாங்க முடியாமல் அவரோடு முறிந்தது. நியூயார்க் மேயரையும் மத்திய அரசையும் மட்டும் அவர் திட்டவில்லை. பயந்து ஒளிந்துகொண்ட தன் சமூகத்தையும் திட்டினார்.

இந்தப் படம் நம்மை எப்படிக் கோபப்பட வைக்கிறது என்பதை நின்று கவனிக்க வேண்டும். புரூஸ் என்பவன் சாகும் தறுவாயில் இருக்கும் காதலனை அவன் தாயிடம் சேர்க்க ஃபீனிக்ஸ் நகருக்கு விமானத்தில் கூட்டிப்போகிறான். விமானி கிளப்ப மறுக்கிறார். போய்ச் சேர்ந்ததும் காதலன் இறந்துவிடுகிறான். மருத்துவர்கள் இறப்புக்குக் காரணம் எழுத மறுக்கிறார்கள். காரணம் எழுதாத உடலை யாரும் ஏற்பதில்லை. கடைசியில் ஓர் ஊழியர் காசு வாங்கிக்கொண்டு உடலைக் குப்பைப் பையில் கட்டித் தருகிறார். இங்கே அழுகைக்கான காரணங்களில் வறுமை நீங்கலாக மற்ற மூன்றும் குவிந்து நிற்கின்றன. ஆனால் நமக்குள் எழுவது அழுகையோடு நிற்பதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு கட்டத்திலும் மறுத்த அல்லது இழிவுபடுத்திய ஒருவர் இருக்கிறார். விமானி ஒருவர், மருத்துவர் ஒருவர், ஊழியர் ஒருவர். வைரஸின் மேல் கோபப்பட முடியாது. இவர்கள் மேல் முடியும்.

போலியோவால் சக்கர நாற்காலியில் இயங்கும் மருத்துவர் எம்மா புரூக்னராக ஜூலியா ராபர்ட்ஸ். லிண்டா லாபன்ஸ்டைன் என்ற உண்மையான மருத்துவரின் சாயல் அந்தப் பாத்திரம். ஆய்வு நிதி கேட்டு மறுக்கப்பட்டதும், மறுத்த குழுவின் முன்பே கோப்புகளை வீசி எறிகிறார். வெகுளி என்பது குரலை உயர்த்துவது மட்டுமல்ல, சரியான ஆளிடம் உயர்த்துவது என்பதற்கு அந்தக் காட்சி சான்று. டாமி என்ற இளைஞன் இறந்துபோன நண்பர்களின் தொலைபேசி எண் அட்டைகளை எறிய மனமில்லாமல் ரப்பர் பேண்ட் போட்டு மேசை இழுப்பறையில் சேர்த்து வைக்கிறான். ஜிம் பார்சன்ஸ் அதைச் சொல்லும்போது குரல் ஏறுவதே இல்லை. மாட் போமர் தன் எடையில் பதினெட்டுக் கிலோ குறைத்து நடித்த, நெட்டின் காதலன் ஃபீலிக்ஸின் தேய்வைவிட அந்த அட்டைக் கட்டு என்னை அதிகம் வதைத்தது. மெலிந்த உடம்பைப் பார்க்கும்போது, இது நடிகரின் உழைப்பு என்ற எண்ணம் எப்படியோ குறுக்கே வந்துவிடுகிறது. இது ‘டாலஸ் பையர்ஸ் கிளப்’ படத்தில் மேத்யூ மெக்கானஹேயின் மெலிவுக்கும் பொருந்தும். எலும்பு தெரிய மெலிவதை நடிப்பின் உச்சமாகக் கொண்டாடும் பழக்கம், பார்ப்பவரின் கண்ணை நோயாளியிடமிருந்து நடிகரிடம் திருப்பிவிடுகிறது.

வெகுளியை இன்னும் தெளிவாகக் காட்டியது ஃபிரெஞ்சுப் படமான ‘120 பீட்ஸ் பெர் மினிட்’. 2017இல் கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரீ பெற்றது. நடுவர் குழுத் தலைவர் பெட்ரோ அல்மோதோவர் அதைப் பற்றிச் செய்தியாளர்களிடம் பேசும்போது அழுதுவிட்டார். இயக்குநர் ரோபன் காம்பியோவும் அவரோடு எழுதியவரும் 1990களில், எய்ட்ஸ் நோயாளிகளுக்காகப் போராடிய ஆக்ட் அப் பாரிஸ் இயக்கத்தில் இருந்தவர்கள். படத்தின் பாதி நேரம் கூட்டம் நடக்கிறது: மருந்து நிறுவனத்தை எப்படி நெருக்குவது, எந்த முழக்கம், யார் பேசுவது என்று சாகப்போகிறவர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். மறுபாதி, அவர்களில் ஒருவனான ஷானின் காதல். அவன் இறந்ததும் அந்த இரவே தோழர்கள் அவன் வீட்டுக்கு வந்து கூடுகிறார்கள். பிறகு அவன் சாம்பலை எடுத்துப் போய்க் காப்பீட்டு நிறுவனங்களின் விருந்து மேசை மேல் வீசுகிறார்கள். இது வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாது. 1992 அக்டோபரில் வாஷிங்டனில் ஆக்ட் அப் இயக்கத்தினர் தங்கள் அன்புக்குரியவர்களின் சாம்பலை வெள்ளை மாளிகையின் புல்வெளியில் வேலிக்கு மேலாக வீசினார்கள். இழவும் வெகுளியும் ஒரே கைப்பிடிச் சாம்பலில் இருந்தன. எய்ட்ஸ் காலத்தின் மெய்ப்பாடு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

பிரிட்டனில் 2021 ஜனவரியில் வந்த ‘இட்ஸ் எ சின்’ தொடர் வெகுளியை வீட்டுக்குள் கொண்டுவந்தது. ரசல் டி. டேவிஸ் எழுதி சேனல் 4 ஒளிபரப்பிய 5 பகுதிகள். லண்டனில் ஒன்றாகத் தங்கும் இளைஞர்களில் ரிச்சி நோய் முற்றியதும், தாய் அவனை வைட் தீவிலுள்ள வீட்டுக்குக் கொண்டுபோய் நண்பர்கள் யாரையும் பார்க்க விடாமல் வைத்திருக்கிறாள். அவன் இறந்த பிறகே தோழி ஜில்லுக்குச் செய்தி தெரிகிறது. ஜில் அந்தத் தாயிடம் சொல்லும் குற்றச்சாட்டு கடுமையானது: நீங்கள் ஊட்டி வளர்த்த அவமானம்தான் அவனைக் கொன்றது. இதைப் பார்த்த தாய்மாரும் தந்தையரும் பிள்ளைகளிடம் மனம்விட்டுப் பேசியதாகப் பலர் எழுதினார்கள். அடுத்த மாதம் வந்த தேசிய எச்.ஐ.வி. பரிசோதனை வாரத்தில் பரிசோதனைக் கருவி கேட்டு வந்த விண்ணப்பங்கள் முன்பு கண்டிராத அளவுக்கு ஏறின. உணர்ச்சி ஒரு செயலாக மாறியதற்கு இதைவிட நேரடியான சான்று அரிது. தொடரின் கதை நடக்கும் 1980களில் பிரிட்டிஷ் அரசு கல்லறைக் கல்லைக் காட்டித் தொலைக்காட்சியில் பயமுறுத்தியது. பயம் தகவலைத் தந்தது. ஆனால் நோயாளியைத் தனிமைப்படுத்தவும் செய்தது.

அழுகையைப் பற்றி உளவியல் சொல்வது கொஞ்சம் எச்சரிக்கை தருகிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில் 60 பேருக்கு உருக்கமான படங்களைக் காட்டினார்கள். அழுதவர்களின் மனநிலை உடனே சரிந்தது. 20 நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது. 90 நிமிடம் கழித்துப் படத்துக்கு முன்பிருந்ததைவிட நன்றாக இருந்தது. அழுது முடித்தவருக்கு ஆறுதல் வந்துவிடுகிறது. இன்னொரு வகை ஆய்வுகள், ஒரே ஒரு முகத்துக்காக உருகும் மனம் ஆயிரக்கணக்கானவர்களின் எண்ணிக்கையைக் கேட்டால் மரத்துப்போகிறது என்று திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முகத்தைக் காட்டி அழவைத்து அனுப்பும் படத்தின் ஆபத்து புரியும். ஒன்றரை மணி நேரத்தில் நம் பாரம் இறங்கிவிடுகிறது. கிரேமர் அரங்க வாசலில் நின்றதற்குக் காரணம் அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

அந்த முகம் யாருடையது என்பதும் முக்கியம். நான் இதுவரை பேசிய படங்களில் செத்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளை நிற ஆண்கள். கறுப்பின, லத்தீன் அமெரிக்க வாழ்க்கையை நடுவில் வைத்த ‘போஸ்’ தொடர் வர 2018 ஆயிற்று. ஆப்பிரிக்காவில் செத்த லட்சோபலட்சம் பெண்களுக்குக் கிடைத்த நாடகப் படங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றில் ஒன்று ‘எஸ்டர்டே’, 2004இல் ஜூலு மொழியில் வந்தது. ஜொகன்னஸ்பர்க் சுரங்கத்தில் வேலை செய்யும் கணவனால் நோய் தொற்றிய பெண். தகவலைச் சொன்னதற்கு அவனிடமே அடி வாங்குகிறாள். அவன் சாகக் கிடக்கும்போது ஊர் பயப்படுகிறதென்று ஊருக்கு வெளியே பழைய தகரங்களால் ஒரு குடில் கட்டி வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். மகள் பள்ளிக்கூடம் போகும் வரை உயிரோடு இருக்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே வேண்டுதல். வறுமையால் வரும் அழுகை இந்த வரிசையில் முதன்முறையாக இங்கேதான் வருகிறது. செல்வ நாடுகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை 1996இலேயே வந்துவிட்டது. படத்தில் அவளுக்கு அது இல்லை. அந்த ஆண்டுகளில் தென்னாப்பிரிக்க அதிபர் இம்பெக்கி எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணமா என்றே சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்தார். மருந்து தருவதைத் தாமதித்ததால் 3,30,000 உயிர்களுக்கு மேல் போயின என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் பின்னால் கணக்கிட்டார்கள். படம் இந்த அரசியலை நேரடியாகப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்பது என் மனக்குறை.

இந்தியாவுக்கு இந்த வரிசையில் உண்மையான பங்கு உண்டு. நடிகை ரேவதி இயக்கிய ‘ஃபிர் மிலேங்கே’ 2004இல் வந்தது. ‘ஃபிலடெல்ஃபியா’வின் வழக்கை எடுத்துக்கொண்டு, வேலை இழப்பவரைப் பெண்ணாக்கியது. ஷில்பா ஷெட்டியின் கண்ணியமான நடிப்பை மறுக்க முடியாது. ஆனால் தன்பாலீர்ப்பு கதையிலிருந்தே போய்விட்டதால் கடக்க வேண்டிய தூரமும் பாதியாகிவிட்டது. 2005இல் ஓனிர் எடுத்த ‘மை பிரதர் நிகில்’ அந்தத் தூரத்தைக் குறைக்கவில்லை. கோவாவின் டொமினிக் டிசூசாவின் வாழ்க்கை அதற்குத் தூண்டுதல். 1989இல் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததும் மாநிலப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் போலீஸ் அவரைப் பிடித்துப் பழைய காசநோய் மருத்துவமனை ஒன்றில் 64 நாள் தனியே அடைத்துவைத்தது. தாய் லூசி உயர் நீதிமன்றம் போனார். நீதிமன்றமோ அந்தச் சட்டத்தைச் செல்லும் என்றது. படத்தில் நீச்சல் வீரன் நிகில் குளத்தில் இறங்கியதும் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கரையேறும் காட்சி இருக்கிறது. ஒரு சொல்கூடத் தேவைப்படாத இளிவு அது.

எச்.ஐ.வி.யை இந்தியாவில் முதன்முதலில் 1986இல் கண்டறிந்தது சென்னையில் சுனிதி சாலமனின் குழு. அப்படியிருந்தும் தமிழில் இந்த நோயைப் பற்றிப் பொதுமக்கள் நினைவில் இருப்பது, சுவரெங்கும் புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று கேட்ட விளம்பரமும், 2007இல் வந்த ‘மிருகம்’ படமும். அந்தப் படத்தில் பெண்களை வதைத்த முரடனுக்கு நோய் வருகிறது. கணவனின் கொடுமையைப் பொறுத்த மனைவி அவனுக்குப் பணிவிடை செய்கிறாள். நடிப்பு வலுவானது. ஆனால் நோயைத் தீய நடத்தைக்குக் கிடைத்த கூலியாக வைத்த உடனே, அமெரிக்கப் படங்கள் பத்தாண்டு பாடுபட்டு அகற்றிய இளிவரலை அது திரும்பக் கொண்டுவந்துவிடுகிறது. நமக்கு இன்னும் ஒரு நல்ல எய்ட்ஸ் நாடகம் தமிழில் வரவில்லை.

இந்தப் படங்களை எல்லாம் பார்க்க முடியாத ஒரு கூட்டமும் உண்டு. அந்த ஆண்டுகளில் நண்பர்களை வரிசையாகப் புதைத்து, தாங்கள் மட்டும் உயிரோடு எஞ்சியவர்கள். முதல் பத்து நிமிடத்திலேயே அணைத்துவிட்டோம் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். வேறு சிலர், இளையவர்கள் இப்போதாவது தெரிந்துகொள்ளட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். அவர்களுடைய மௌனத்தையும் பார்ப்பவர் எதிர்வினைகளில் ஒன்றாகவே எண்ண வேண்டும். அவர்கள் அழுகையையும் வெகுளியையும் முன்பே செலவழித்துவிட்டார்கள். இனி அது நம் முறை.

ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு தரும் கணக்குப்படி 2024இல் எய்ட்ஸ் தொடர்பான நோய்களால் இறந்தவர்கள் சுமார் 6,30,000 பேர். எச்.ஐ.வி.யோடு வாழும் 4 கோடியே 8 லட்சம் பேரில் 92 லட்சம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. மருந்து இருக்கிறது; ஒழுங்காக எடுத்துக்கொண்டு வைரஸ் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியே நோய் பரவுவதில்லை என்பதும் உறுதியாகிவிட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது பல ஆப்பிரிக்க நாடுகளில் எச்.ஐ.வி. சேவைகள் நின்றுபோயின. இந்தியாவில் எச்.ஐ.வி. உள்ளவரை வேலையிலிருந்தோ பள்ளியிலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ ஒதுக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இந்தப் படங்களில் ஒன்றைப் பார்த்து அழுதவர், அடுத்த முறை தன் ஊரில் அந்தச் சட்டம் மீறப்படுவதைக் கண்டால், அதை மீறியவரிடம் நேரே போய்க் கேட்க வேண்டும்.